பீரோக்காரர் காதில் குடியிருந்த குரல்

பீரோ செய்கிறவர் என்பதால் ஊருக்கு அவர் பீரோக்காரர். மேடையில் ராஜாவாக நின்றிருக்கிறார், நீதிபதியாக உட்கார்ந்திருக்கிறார், தூக்குக் கைதியாகக் கழுத்தை நீட்டியிருக்கிறார். இறங்கி வந்ததும் பீரோக்காரர்தான். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது, பெருமைதான். "நான் அடிச்ச பீரோவுல ஒரு கதவாவது தொங்கியிருக்கா? நான் பேசின வசனத்துல ஒண்ணாவது கீழ விழுந்திருக்கா?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, எதிரில் நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

அந்த வாய்க்குப் பின்னால் உழைப்பு இருந்தது. மீசை முளைக்கும் முன்பே தகரக் கடையில் தகடு தூக்கினார். உள்ளங்கைத் தோல் கிழிந்து, ஆறி, மறுபடி கிழிந்து, கடைசியில் அதுவும் தகரம் மாதிரியே ஆனது. வெல்டிங் கற்றார், வளைக்கக் கற்றார், பூட்டுப் பொருத்தக் கற்றார். ஒருநாள் தன் பெயரில் பட்டறை போட்டார். பள்ளிக்கூடம் தன்னை ஒதுக்கவில்லை, தான்தான் பள்ளிக்கூடத்தை ஒதுக்கினேன் என்பது அவர் கட்சி. பேருந்தின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படிப்பார். அதுவும் பேருந்து நின்றால்.

நாடகத்துக்கு அவர் வந்தது தற்செயலாக. வியாபாரிகள் சங்கத்துக் கூடத்தில் ஒரு நாடகக் குழு ஒத்திகை பார்க்கும். உடுப்பெல்லாம் வைத்திருந்த இரும்பு அலமாரியின் பூட்டு இறுகிப்போனது என்று இவரைக் கூப்பிட்டார்கள். இவர் உளியும் சுத்தியுமாகப் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்னால் ஒருவர் ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொதப்பிக்கொண்டிருந்தார். இவருக்குப் பொறுக்கவில்லை.

"என்னப்பா இது, சாபம் குடுக்கிறியா, சாமான் லிஸ்ட் சொல்றியா?"

குழுவை நடத்திய வாத்தியார் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீ சொல்லு."

சொன்னார். அன்றைக்கு அலமாரியும் திறந்தது, அவர் வாயும் திறந்தது. அலமாரியைத்தான் மறுபடி மூட முடிந்தது.

வாத்தியார் அடுத்த நாடகத்தின் பிரதியைக் கையில் கொடுத்தபோதுதான் சிக்கல். வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியின் முன்னால் வைத்தார். "படி" என்றார். அவள் பள்ளிக்கூடம் முடித்தவள். அதைப் பற்றி அவளும் பேசியதில்லை, அவரும் கேட்டதில்லை.

அன்று தொடங்கிய பழக்கம். மத்தியானம் வேலையாட்கள் சாப்பிடப் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவார். அவள் ஒரு காலிப் பெயின்ட் டிரம்மைக் கவிழ்த்து அதன் மேல் உட்காருவாள். அவர் கீல் வைத்துக்கொண்டோ அரத்தால் ஓரத்தை ராவிக்கொண்டோ நிற்பார். அவள் ஒரு வாக்கியம் படிப்பாள், அவர் அதைச் சொல்வார், அவள் அடுத்ததற்குப் போவாள். அவள் படிப்பில் கோபம், அழுகை, கிண்டல் எதுவும் இருக்காது. மின்சாரக் கட்டண ரசீதைப் படிப்பது போலப் படிப்பாள். மகன் செத்ததும் அதே குரல்தான், மகுடம் கிடைத்ததும் அதே குரல்தான். உப்பு புளி எல்லாம் இவர் போட்டுக்கொள்ள வேண்டும். அவள் எங்கே நிறுத்தித் தண்ணீர் குடித்தாளோ அங்கே இவரும் மேடையில் நிறுத்துவார். ஒரு நாடகத்தின்போது அவளுக்கு நல்ல ஜலதோஷம். இவர் அந்த வசனத்தை மூக்கடைத்த குரலோடு பேசப்போக, கூடமே கண்ணைத் துடைத்தது.

"எப்படிய்யா இப்படி வருது உனக்கு?" என்று கேட்டால் நெஞ்சைத் தட்டுவார். "உள்ளேர்ந்து வருது. தானா வரும். படிச்சு வர்ற சமாச்சாரம் இல்ல இது." பக்கத்தில் நிற்கும் மனைவி புடவையில் ஒட்டிய பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருப்பாள்.

அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. மேடையில் ஒவ்வொரு வசனமும் அவர் வாய்க்கு வருவதற்கு முன்னால் வலது காதுக்குச் சற்றுப் பின்னாலிருந்து அவள் குரலில் வரும். அதே ரசீது படிக்கிற குரல். அவர் அதை வாங்கி, கோபத்தில் முக்கி எடுத்து வெளியே விடுவார். அவள் அப்போது கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே உட்கார்ந்திருப்பாள், உயிரோடு. அதனால் இதில் பயப்பட ஒன்றும் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை.

குரல் மட்டும் போகவில்லை.

முதலில் அது வந்தபோது அவர் தகடு வெட்டிக்கொண்டிருந்தார். "என் மகனைக் கொன்றவன் இந்தச் சபையில்தான் இருக்கிறான்" என்றது காதுக்குப் பின்னாலிருந்து. எப்போதோ போட்ட நாடகத்தின் வசனம். கத்தி விரலுக்கு ஒரு நூல் தள்ளி நின்றது. திரும்பிப் பார்த்தார். டிரம் கவிழ்ந்தபடி கிடந்தது, மேலே யாரும் இல்லை. இன்னொரு நாள், கண்ணாடி வைத்த பீரோ வேண்டுமா வேண்டாமா என்று ஒரு தம்பதி அவர் எதிரிலேயே சண்டை போட்டுக்கொண்டிருக்க, "தீர்ப்பைத் திருத்த எனக்கு அதிகாரம் இல்லை" என்றது. அவர் தன்னை அறியாமல் தலையாட்ட, கண்ணாடி வேண்டாம் என்று அந்த அம்மாள் முடிவெடுத்துக்கொண்டாள்.

பயம் தெளிந்து அதுவே பழகிப்போனது. பழகிய பிறகு, வராத நாளில் கை ஓடவில்லை. பெயின்ட் அடிக்கிற கம்ப்ரசரைத் திடீரென்று நிறுத்தச் சொல்வார். பட்டறை அமைதியாகும். தலையைச் சற்றே வலப்பக்கம் சாய்த்து நிற்பார். வேலையாட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அவருக்குக் காது மந்தமாகிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

இந்த நிலைமையில்தான் புது நாடகம் வந்தது. வாத்தியாருக்கு முழங்கால் போய்விட்டதால் குழுவை இப்போது அவர் மகள் நடத்தினாள். வெளியூரில் நாடகம் படித்துவிட்டு வந்தவள், இவரை மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே வளர்ந்தவள். கதை சின்னது. மூடிப்போன ஒரு ஆலையின் காவலாளி. ஊரே காலியாகிவிட்டது. மனைவி, வா போய்விடலாம் என்கிறாள். அவன் வர மறுக்கிறான். கடைசிக் காட்சியில் அவள் பெட்டியோடு கதவைத் திறந்து நிற்க, அவன் நீளமாகப் பேசுகிறான், அவள் ஒரு வார்த்தை பேசாமல், கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டுப் போகிறாள். திறந்த கதவு வழியாக வெளிச்சம் நீளமாக உள்ளே விழுகிறது. காவலாளி அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். திரை.

"அந்த வெளிச்சத்துக்காகத்தான் மாமா நாடகமே எழுதினேன். நீங்கதான் காவலாளி" என்றாள்.

"பின்ன வேற யாரு? இந்த ஊர்ல வேற ஆள் இருக்கா?" என்றார் பீரோக்காரர். ஆனால் பிரதியை வாங்கிய கை கனத்தது.

காவலாளியின் மனைவியாக நடிப்பது தையல்காரம்மா. சட்டை தைக்கிற கடை வைத்திருப்பவள். எத்தனையோ வருஷமாக அவருக்குத் தங்கையாக, தாயாக, ஒரு நாடகத்தில் எதிரி நாட்டு அரசியாகக்கூட நின்றிருக்கிறாள். இவர் அவளைத் தையல் என்பார், அவள் இவரை அண்ணே என்பாள்.

படித்துக் கொடுக்க பீரோக்காரரின் மகள் வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், இரண்டு தெரு தள்ளிக் குடித்தனம். வசனங்களை அவர் போனில் பதிவு செய்து கொடுத்தாள். பீரோக்காரர் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"நீ நடிக்காதம்மா. படி."

"படிக்கத்தாம்பா செய்யறேன்."

"எங்க படிக்கிற? அழுவுற. அழுறது என் வேலை. உன் வேலை படிக்கிறது."

"அம்மா எப்படிப் படிப்பாங்க?"

"கரண்ட் பில் மாதிரி."

மகள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட, பிரதியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பிறகு மறுபடி பதிவு செய்தாள், இந்தத் தடவை கரண்ட் பில் மாதிரி. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் வினையாகப் போனது.

காவலாளியின் முதல் பேச்சு அவர் மண்டையில் ஏறி உட்கார்ந்த அன்று மத்தியானம், பழைய நீதிபதியின் வசனம் காதுக்குப் பின்னால் வந்தது. மகளின் குரலில் வந்தது.

இரும்பு தேய்க்கும் மெஷினை அணைத்தார். அரசனின் வசனத்தை மனசுக்குள் இழுத்துப் பார்த்தார். அது மனைவியின் குரலில்தான் வந்தது. ஆனால் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்தக் காதில் ஒருத்திக்குத்தான் இடம். புது வசனம் ஒன்று உள்ளே வந்தால் பழையது ஒன்று அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே போகும். முழு நாடகத்தையும் பாடம் செய்தால் அவள் முழுக்கப் போய்விடுவாள். செய்யாவிட்டால் இத்தனை வருஷம் கட்டி வைத்த பேர் ஒரே மாலையில் கவிழ்ந்துவிடும்.

போனை டிராயரில் போட்டு மூடினார்.

ஒத்திகைக்குப் போனார். போய் நின்றார். தையல்காரம்மா தன் வசனத்தைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள், இவர் செருமுவார், மேலே பார்ப்பார், விளக்கு சரியில்லை என்பார். இயக்குநராக நின்ற வாத்தியார் மகளுக்குப் பொறுமை அதிகம்.

"மாமா, வசனத்தை விடுங்க இப்ப. கண்ணை மூடிட்டு அப்படியே பின்னால சாயுங்க. அக்கா பிடிப்பாங்க."

"இவளா? ஊசி பிடிக்கிற கை. நான் இரும்பு தூக்கின உடம்பு. ரெண்டு பேரையும் சேர்த்து அள்ளிட்டுப் போகணும் அப்புறம்."

"பிடிக்கிறதுல கஷ்டம் இல்லண்ணே, விழறதுலதான் கஷ்டம். விழுங்க பார்ப்போம்" என்றாள் தையல்காரம்மா.

கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். உடம்பு பின்னால் போவதற்குள் வலது கால் தானாகப் பின்னால் போய் ஊன்றிக்கொண்டது. மறுபடி சாய்ந்தார், மறுபடி கால். "செருப்பு வழுக்குது" என்றார். செருப்பைக் கழற்றச் சொன்னாள் இயக்குநர். வெறுங்காலும் அதையேதான் செய்தது.

"சரி மாமா. நான் சின்னப் பிள்ளையிலேர்ந்து கேட்டிருக்கேன், உள்ளேர்ந்து தானா வருதுன்னு சொல்வீங்க. அக்கா பெட்டியோட நிக்கிறாங்க. போகப்போறாங்க. உள்ளேர்ந்து என்ன வருதோ அதைச் சொல்லுங்க. எழுதினது எதுவும் வேணாம்."

நின்றார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் காது பின்பக்கமாக நீண்டது. கூரையில் மின்விசிறி சுற்றியது, யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கடைசியில் அவர் வாயிலிருந்து வந்தது:

"கயிறு புதுசு. என் பேரைச் சொல்லிப் புதுசா ஒரு பொருள் வாங்கியிருக்கீங்க. சந்தோஷம்."

எப்போதோ நடித்த தூக்குக் கைதியின் வசனம். ஓரத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பீரோக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "விளையாட்டுக்குச் சொன்னேன்" என்று சொல்லி வெளியே நடந்தார்.

தையல்காரம்மா பின்னாலேயே வந்தாள். எதிர்க் கடையில் இரண்டு டீ சொல்லி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, உங்களுக்குப் படிச்சுக் குடுக்க ஆள் இல்ல. அதானே."

"என் மக குடுக்கிறாளே."

"அவ பிரதியில இருக்கிறதைப் படிக்கிறா. அண்ணி அப்படியா படிச்சாங்க?"

பீரோக்காரருக்குப் புரியவில்லை. "என்ன சொல்ற?"

"இப்ப உள்ள ஒண்ணு சொன்னீங்களே, கயிறு புதுசுன்னு. பிரதியில அது கிடையாதுண்ணே. நீதி செத்துப்போச்சு, தர்மம் தூங்குதுன்னு நீளமா ஒண்ணு இருந்துச்சு. நான் உங்க தங்கச்சியா நிக்கிறேன். அதைக் கேட்டு நான் கதறணும். ஒத்திகையில நீங்க வந்து கயிறு புதுசுங்கிறீங்க. எனக்கு சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. வாத்தியார்கிட்ட ஓடினேன், என்ன சார் இவர் பாட்டுக்கு எதையோ பேசறார்னு."

"வாத்தியார் என்ன சொன்னாரு?"

"வாயை மூடு, அப்படியே விடுன்னாரு. அப்புறம் அண்ணிகிட்ட கேட்டிருக்காரு. அண்ணி பயந்துட்டாங்களாம். ‘அந்த வசனம் அவர் வாய்ல உட்காராதுன்னு மாத்திப் படிச்சேன், அவர்கிட்ட சொல்லிடாதீங்க’ன்னாங்களாம். அதுலேர்ந்து ஒவ்வொரு நாடகத்துக்கும் எங்களுக்கு ரெண்டு பாடம். முதல்ல பிரதி. அப்புறம் நீங்க வந்து வாயைத் திறந்ததும், அதுக்குத் தகுந்த மாதிரி எங்களுக்கு வேற பாடம்."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"உங்களைத் தவிர."

பீரோக்காரர் கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "டீ ஆறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

நடந்து வீட்டுக்குப் போகும்போது காதுக்குப் பின்னால் ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் திட்டியிருப்பார். எத்தனை கைதட்டல். அத்தனைக்கும் நெஞ்சை நிமிர்த்தி நின்றிருக்கிறார். அவளும் கீழே உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டியிருக்கிறாள், தான் வைத்த வசனத்துக்கு, ஒன்றும் தெரியாதவள் போல. நடிப்பு என்றால் அதுவல்லவா நடிப்பு.

மகளைக் கேட்டார். "உனக்கும் தெரியுமா?"

"தெரியும்பா. காலையில சமைச்சு முடிச்சிட்டு, பிரதியை வச்சுக்கிட்டு வாய்க்குள்ளயே சொல்லிப் பார்ப்பாங்க. பிடிக்கலைன்னா மாத்திக்குவாங்க. எதையும் எழுதி வச்சதில்ல. எங்கேர்ந்தும்மா இதெல்லாம் எடுக்கிறேன்னு ஒருநாள் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"பட்டறையில கீழ கிடந்துச்சு, பொறுக்கிட்டு வந்தேன்னாங்க."

மறுநாள் பட்டறையைத் திறந்ததும் அவர் தரையைத்தான் பார்த்தார். தகடு வெட்டிய ஓரங்கள், எரிந்துபோன வெல்டிங் குச்சிகள், பச்சைப் பெயின்ட் சிந்திக் காய்ந்த திட்டு. இதில் வசனம் எங்கே கிடந்தது? அப்போது ஒருவர் வந்து, போன மாதம் வாங்கிய பீரோவின் கதவு கீச்சென்று கத்துகிறது, வீட்டில் தூங்க முடியவில்லை என்று சண்டைக்கு நின்றார். பீரோக்காரர் யோசிக்காமல் பதில் சொன்னார்.

"கத்தட்டும் விடுங்க. நீங்க இல்லாதப்ப யாரோ திறக்கிறாங்கன்னு அதுதான் சொல்லும். பெத்த பிள்ளைகூடச் சொல்லாது."

வந்தவர் ஒரு விநாடி விழித்தார், பிறகு சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யாரையோ நினைத்துக்கொண்டவர் போல நின்றார். பீரோக்காரர் திரும்பி டிரம்மைப் பார்த்தார். அந்த டிரம்மின் மேல் அவள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது வசனம் படிக்கிற நேரத்தில் மட்டும் இல்லை. இவர் பேசியதைப் பொறுக்கி அவள் வசனமாக்கினாளா? இல்லை, இத்தனை வருஷம் அவள் படித்ததைச் சொல்லிச் சொல்லி இவர் பேச்சே அப்படி ஆகிப்போனதா? எது முதலில் என்று கேட்கக்கூட இப்போது ஆள் இல்லை. எண்ணெய் டப்பாவை வந்தவர் கையில் கொடுத்து அனுப்பினார்.

நாடகத்திலிருந்து விலகிவிடுவதாகச் சொல்லத்தான் கூடத்துக்குப் போனார். அங்கே சுவரொட்டியில் அவர் முகம் பெரிதாக இருந்தது. விலகவில்லை.

அரங்கேற்ற மாலை கூடம் நிறைந்திருந்தது. முதல் காட்சியைத் தாண்டினார். மகள் பதிவில் ஏறியிருந்த கொஞ்சம் வசனம் கைகொடுத்தது, ஏறாத இடத்தில் தையல்காரம்மா தன் வசனத்தோடு அவருடையதையும் சேர்த்துச் சொல்லி இழுத்துக்கொண்டு போனாள். "நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியும், ஆலைச் சங்கு ஊதும்னு சொல்லுவே" என்று ஆரம்பித்து, "ஊதாது" என்று பதிலும் அவளே சொன்னாள். பேசாத காவலாளி என்று கூட்டம் எடுத்துக்கொண்டது. அவருக்கோ முதுகில் வேர்வை ஆறாக ஓடியது.

கடைசிக் காட்சி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். அவள் பெட்டியோடு கதவருகே போகிறாள், கதவைத் திறக்கிறாள். வெளியே கட்டியிருந்த பெரிய விளக்கின் மஞ்சள் வெளிச்சம் தரையில் நீளமாக விழுந்து அவர் காலைத் தொட்டது. இப்போது அவர் நீளமாக ஒன்று பேச வேண்டும். ஆலையைப் பற்றி, அப்பாவைப் பற்றி, மண்ணைப் பற்றி. அதில் ஒரு எழுத்துகூட அவரிடம் இல்லை.

காதைக் கொடுத்தார். ஒன்றும் இல்லை. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். தையல்காரம்மாவின் தோள் இறுகுவது தெரிந்தது. அவள் திரும்பக் கூடாது, அவருக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும், அவர் பேசி முடித்ததும் போய்விட வேண்டும். அவர் பேசாவிட்டால் என்ன செய்வது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்போது வலது காதுக்குப் பின்னால், பக்கத்து வீட்டிலிருந்து இல்லை, தோளை உரசுகிற கிட்டத்தில், அந்தக் குரல் வந்தது. ரசீது படிக்கிற குரல். அவள் பார்த்திராத நாடகம், கையால் தொட்டிராத பிரதி. ஒரு வாக்கியம் படித்தது. நிறுத்தியது. அடுத்ததைப் படித்தது.

அவர் உடம்பு பின்னால் சாய்ந்தது போல இருந்தது. இந்தத் தடவை கால் ஊன்றவில்லை. காதில் விழுந்ததைக் கோபமோ அழுகையோ சேர்க்காமல், விழுந்த மாதிரியே வெளியே விட்டார்.

"போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ. திறந்து கிடந்தா, நீ வருவேன்னு உட்கார்ந்திருப்பேன்."

தையல்காரம்மா திரும்பினாள். திரும்பக் கூடாது, திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். நாடகமே அந்த வெளிச்சத்துக்காக எழுதியது என்று அவளுக்குத் தெரியும். ஓரத்தில் இயக்குநர் இரண்டு கையையும் ஆட்டுவதும் தெரிந்தது. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தினாள்.

வெளிச்சம் தரையில் மெலிந்து, கோடாகி, இல்லாமல் போனது. இருட்டில் பீரோக்காரர் தலையை வலப்பக்கம் சாய்த்து அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருந்தார்.

வரவில்லை. அவருக்கு அப்போதுதான் உறைத்தது, யாரிடம் என்ன சொல்லிவிட்டோம் என்று.

திரை விழுந்த பிறகும் கைதட்டல் நிற்கவில்லை. வெளியே வந்தால் ஆள் ஆளாகக் கையைப் பிடித்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அந்த ஊர் மேடையில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி ஒரு வாக்கியம் விழுந்ததில்லை, இதில் மறுபேச்சுக்கு இடமே கிடையாது. இயக்குநர் கண்ணெல்லாம் சிவந்து வந்தாள்.

"என் லைட்டைக் கொன்னுட்டீங்க மாமா. பரவாயில்ல. நாளைக்கும் இதேதான். ஒரு எழுத்து மாறக் கூடாது."

அவர் தையல்காரம்மாவிடம், "நீ எப்படிச் சாத்தின?" என்றார்.

"சாத்துன்னீங்க, சாத்தினேன். இத்தனை வருஷமா அண்ணி சொல்றதை நீங்க கேட்டீங்க, நீங்க சொல்றதை நான் கேட்டேன். இதுல புதுசா என்ன?"

மறுநாள் பட்டறையில் கம்ப்ரசரை நிறுத்தச் சொன்னார். மெஷின்களை நிறுத்தச் சொன்னார். தெருவில் ஒரு வண்டி போய் முடியும்வரை காத்திருந்தார். கயிறு புதுசு என்று தானே மெல்ல எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். அது அவர் குரலில் வந்தது. அரசன், நீதிபதி, எல்லோரும் அவர் குரலிலேயே வந்தார்கள். வலது காதுக்குப் பின்னால், குடித்தனக்காரர் காலி செய்துவிட்டுப் போன வீடு மாதிரி இருந்தது. மகள் பதிவும் அங்கே ஏறிக்கொள்ள இப்போது தடை ஏதும் இல்லை. டிராயரைத் திறந்து போனை எடுத்தார். பொழுது சாய்வதற்குள் காவலாளியின் கடைசிப் பேச்சு முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. ஆலை, அப்பா, மண், எல்லாம்.

மாலையில் தையல்காரம்மா பெட்டியோடு கதவைத் திறந்து நின்றாள். வெளிச்சம் விழுந்தது. நேற்றையதைக் கேள்விப்பட்டு வந்த கூட்டம் அந்த வாக்கியத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. அது அவர் நாக்கின் நுனியில்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது அவருக்கே சொந்தமான வசனம், வேறு யாரும் உரிமை கேட்டு வர முடியாது. பீரோக்காரர் அதை விழுங்கினார். பிரதியில் இருந்ததைப் பிரதியில் இருந்தபடி பேசினார், ஒரு சொல் பிசகாமல்.

கதவு திறந்தே கிடந்தது. கைதட்டல் வந்தது, ஒழுங்காக வந்து ஒழுங்காக நின்றது.

"ஏன் மாமா?" என்று இயக்குநர் கேட்டாள்.

"நீதானே வெளிச்சம் வேணும்னு எழுதின" என்றார்.

அதற்குப் பிறகு அந்த நாடகம் எத்தனையோ கூடங்களில் நடந்தது. ஒவ்வொரு தடவையும் தையல்காரம்மா கதவருகே கைப்பிடியில் கை வைத்தபடி, போக வேண்டிய நேரம் வந்த பிறகும் கொஞ்சம் நிற்பாள். திரும்பி அவரைப் பார்ப்பாள், சாத்தட்டுமா என்பது போல. ஸ்டூலில் தலையை வலப்பக்கம் சாய்த்து உட்கார்ந்திருப்பவர் வேண்டாம் என்று தலையை லேசாக அசைப்பார். அவள் கையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.